மரக் கம்பெனிக் காட்டில் இ-பைக்: கேட்டைத் தாண்டும் முன்

கேள்வி இது: "வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறேன். ஒரு மரக் கம்பெனியின் காட்டுக்குள் போக, மோட்டார் வண்டி இல்லாமல் நுழைகிறவர்களுக்கான பர்மிட் வாங்கியிருக்கிறேன். நவம்பரில் எல்க் மான் வேட்டை. நல்ல இடம் கேட்டிலிருந்து ஆறு மைல் உள்ளே இருக்கிறது. 1000 வாட் இ-பைக் (மின் மோட்டார் வைத்த சைக்கிள்) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். மாநிலச் சட்டப்படி இ-பைக் என்பது சைக்கிள்தானே? எடுத்துப் போகலாமா?"

அந்த பர்மிட்டை வைத்துக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வண்டியோடு போகவே போகாதீர்கள்.

முதலில் வண்டி. வாஷிங்டனில் 2018-இல் திருத்திய சட்டம் இ-பைக்கை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. மிதித்தால் மட்டும் மோட்டார் உதவி, மணிக்கு 20 மைல் வரை என்றால் கிளாஸ் 1. மிதிக்காமலே திராட்டிலைத் திருகி 20 மைல் வரை போனால் கிளாஸ் 2. மிதிக்கும்போது 28 மைல் வரை உதவினால் கிளாஸ் 3. மூன்றுக்கும் பொதுவான வரம்பு மோட்டாரின் சக்தி: 750 வாட். வேட்டைக்காரர்களைக் குறிவைத்து விற்கும் தடித்த டயர் வண்டிகள் பல 1000 வாட்டில் வருகின்றன. விளம்பரத்தில் அது பெருமையாகத் தெரியும். ஆனால் அந்த 250 வாட் கூடியதும் வண்டி இந்த மூன்று வகுப்புக்கும் வெளியே போய்விடுகிறது. "சட்டப்படி சைக்கிள்தானே" என்று வாதாடும் உரிமை உங்கள் வண்டிக்கு ஆரம்பத்திலேயே இல்லை.

சரி, 750 வாட்டுக்குள் ஒன்றை வாங்கினால்? அப்போதும் மாநிலச் சட்டம் பெரிதாகக் கைகொடுக்காது. அது பேசுவது பெரும்பாலும் பொதுச் சாலையையும் பொதுப் பாதையையும் பற்றித்தான். அதிலேயே ஒரு விலக்கு உண்டு: மோட்டாருக்கு இடமில்லை என்று அறிவித்த, சரளையோ தாரோ போடாமல் மண்ணைச் செதுக்கி மட்டும் அமைத்த பாதையில், அந்த இடத்தின் நிர்வாகம் அனுமதித்தால் தவிர இ-பைக் ஓட்டக்கூடாது. பொது நிலத்திலேயே கதை இப்படி. தனியார் நிலத்தில் நீங்கள் விருந்தாளி. செருப்பைக் கழற்றிவிட்டு வா என்று வீட்டுக்காரர் சொன்னால், செருப்புக்கு அரசாங்கம் என்ன பெயர் வைத்திருக்கிறது என்பது அங்கே செல்லாது. பர்மிட் என்பது ஓர் ஒப்பந்தம். அதில் எழுதியிருப்பதுதான் சட்டம். மோட்டார் இல்லாத நுழைவு என்று எழுதி, இ-பைக் பற்றித் தனியாக ஒரு வரியும் இல்லையென்றால், மோட்டார் இருக்கும் எதுவும் உள்ளே வரக்கூடாது என்றுதான் படிக்க வேண்டும்.

மற்ற இடங்களையும் பாருங்கள், இந்தப் போக்கு தெரியும். ஆரிகனில் மரக் கம்பெனிகளும் மாநில வனவிலங்குத் துறையும் சேர்ந்து வண்டிப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் பகுதிகள் இருக்கின்றன. பச்சை வட்டப் பிரதிபலிப்பான் வைத்த சாலையில் மட்டும் வண்டி ஓடலாம் என்பது பல பகுதிகளில் வழக்கம். அந்தக் கணக்கில் இ-பைக்கும் வண்டிதான். மெய்ன் மாநிலத்தின் வட கோடியில் தனியார் நில உடைமையாளர்கள் பலர் ஒன்றுகூடி, நார்த் மெய்ன் வுட்ஸ் என்ற அமைப்பின் வழியாக ஏறக்குறைய 35 லட்சம் ஏக்கரைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். சோதனைச் சாவடியில் கட்டணம் கட்டிவிட்டு காரில் உள்ளே போகலாம். ஆனால் சாதாரண சைக்கிளுக்குக்கூடத் தடை. மோட்டார் சைக்கிளுக்கும் குதிரைக்கும் அப்படியே. மரலாரி பறக்கும் சரளைச் சாலையில் இரண்டு சக்கரத்தில் யாரும் வேண்டாம் என்பது அவர்கள் முடிவு. கூட்டாட்சி வனத்துறையும் இ-பைக்கை மோட்டார் வாகனமாகவே நடத்துகிறது. கூட்டாட்சி அரசின் இன்னொரு துறையான நில மேலாண்மைத் துறை வேறு வழியில் போயிற்று: 2019 ஆகஸ்டில் வந்த உத்தரவுக்கும் அடுத்த ஆண்டின் விதிகளுக்கும் பிறகு, மோட்டார் இல்லாத பாதையிலும் இ-பைக்கை அனுமதிக்க உள்ளூர் அதிகாரிக்கு வழி உண்டு.

இந்த வித்தியாசம் உங்களுக்கு ஏன் முக்கியம் என்றால், மேற்கில் காடு சதுரங்கப் பலகை மாதிரிக் கிடக்கிறது. 1864-இல் நார்தர்ன் பசிபிக் ரயில் பாதை போட அமெரிக்க அரசு நிலத்தை மானியமாகக் கொடுத்தபோது, பாதையின் இருபுறமும் ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைலாகக் கொடுத்தது. இடையில் இருந்ததை அரசு வைத்துக்கொண்டது. 1900-இல் ஃபிரெடரிக் வெயர்ஹௌசரும் கூட்டாளிகளும் அந்த ரயில்வேயிடமிருந்து 9 லட்சம் ஏக்கரை ஏக்கர் 6 டாலர் வீதம் வாங்கினார்கள். இன்று வாஷிங்டனில் பர்மிட் விற்கும் பெரிய மரக் கம்பெனி அந்த வழியில் வந்ததுதான். ஆரிகனின் மேற்குப் பகுதியிலும் இதே மாதிரி ஒரு ரயில் மானியம். அரசு திரும்ப எடுத்துக்கொண்ட சதுரங்கள் நில மேலாண்மைத் துறையிடமும், மற்றவை மரக் கம்பெனிகளிடமும் இருக்கின்றன. ஆகவே ஒரே சாலையில் ஆறு மைல் போவதற்குள் நிலச் சொந்தக்காரர் நான்கு முறை மாறலாம். முதல் மைலில் சரியாக இருந்தது மூன்றாவது மைலில் குற்றம். சொத்து எல்லை காட்டும் வரைபடத்தை கைபேசியில் இறக்கிக்கொள்ளாமல் அங்கே போகாதீர்கள். சிக்னல் இருக்காது, முன்கூட்டியே இறக்க வேண்டும்.

"மோட்டார் சத்தமே இல்லை, புகை இல்லை, சாலையும் கெடாது, இவர்களுக்கு என்ன பிரச்சினை?" என்று அடுத்துக் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கம்பெனியின் பக்கம் சில காரணங்கள் உண்டு. எல்லாமே சம எடை உள்ளவை அல்ல.

சாலை கெடும் என்பது மிகப் பலவீனமானது. நிறை சுமை ஏற்றிய மரலாரி பொதுச் சாலையிலேயே 80,000 பவுண்டு, அதாவது 36 டன். அதைத் தாங்கும் சரளைச் சாலை 30 கிலோ இ-பைக்கால் கெடாது. யாராவது இந்தக் காரணத்தைச் சொன்னால் புன்னகைத்துவிட்டு நகருங்கள்.

பொறுப்பு பற்றிய காரணம் கனமானது. வாஷிங்டனில் நிலக்காரர் பொழுதுபோக்குக்காகப் பொதுமக்களை இலவசமாக உள்ளே விட்டால், அங்கே தற்செயலாக நேரும் காயத்துக்கு அவர் பெரும்பாலும் பொறுப்பாக மாட்டார். 1967 முதல் இருக்கும் பாதுகாப்பு அது. கட்டணம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதனால்தான் பர்மிட்டோடு, எனக்கு ஏதாவது ஆனால் வழக்குப் போட மாட்டேன் என்ற நீளமான ஒப்பந்தத்திலும் கையெழுத்து வாங்குகிறார்கள். யார், எதில், எங்கே போகலாம் என்று அதில் வகுத்திருப்பது வக்கீலும் காப்பீட்டுக்காரரும் உட்கார்ந்து எழுதியது. நடந்து போகிறவருக்கு ஒரு அபாயக் கணக்கு, மோட்டாரில் போகிறவருக்கு வேறு கணக்கு. இ-பைக்கை எந்தக் கணக்கில் போடுவது என்று தீர்மானிக்க முடியாதபோது, கூடுதல் அபாயக் கணக்கில் போடுவார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

மூன்றாவது காரணம் எல்க். ஆரிகனின் லா கிராண்ட் அருகே ஸ்டார்க்கி என்ற சோதனைக் காடு இருக்கிறது. சுமார் 25,000 ஏக்கரை உயரமான வேலி போட்டு வளைத்து, உள்ளே இருக்கும் எல்க் மான்களுக்குக் கழுத்துப்பட்டை மாட்டி, எங்கே போகின்றன என்று பல்லாண்டுகளாகக் கண்காணிக்கிறார்கள். ஏடிவி என்ற நான்கு சக்கரக் காட்டு மோட்டார் வண்டி, மலை சைக்கிள், நடை, குதிரைச் சவாரி என்று ஒவ்வொன்றாகப் பாதையில் விட்டுப் பார்த்தார்கள். எல்லாவற்றுக்குமே எல்க் பாதையை விட்டு விலகிற்று. ஏடிவிக்கு மிக அதிகம், அடுத்தது மலை சைக்கிள், நடைக்கும் குதிரைக்கும் அதைவிடக் குறைவு. இ-பைக் அந்தச் சோதனையில் இல்லை. ஆனால் கவனியுங்கள்: மலை சைக்கிளுக்கும் சத்தம் கிடையாது, இருந்தும் நடையைவிட அதிகம் கலைத்தது. ஒரு காலைப்பொழுதில் அது கடக்கும் தூரம் அதிகம், கலையும் மந்தைகளும் அதிகம். "என் வண்டி சத்தமே போடாது" என்பது இதற்குப் பதில் ஆகாது. மோட்டார் வண்டிக்குச் சாலையை அடைத்து வைப்பதன் பயனே, கேட்டிலிருந்து நான்கைந்து மைல் தள்ளி எல்க் நிம்மதியாக மேய்வதுதான். நீங்கள் ஆறு மைல் உள்ளே போக ஆசைப்படுவதற்கும் காரணம் அந்த நிம்மதியே. எல்லோரும் இருபது நிமிடத்தில் அங்கே போய்ச் சேர முடிந்தால் அந்த இடம் அந்த இடமாக இருக்காது.

நடந்து போகும் வேட்டைக்காரரையும் நினையுங்கள். விடியலுக்கு மூன்று மணி நேரம் முன்பே கேட்டில் காரை நிறுத்தி, நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நடந்து, மரம் வெட்டிய சரிவுக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். வெளிச்சம் வரும் நேரத்தில் அவர் முன்னால் ஒரு இ-பைக் போகும். கம்பெனிக்கு வரும் புகார்க் கடிதங்கள் இப்படித்தான் உற்பத்தியாகின்றன. அடுத்த ஆண்டு பர்மிட்டில் ஒரு தடை வரி கூடுவதும் இப்படித்தான். பல பத்தாண்டுகள் இலவசமாகத் திறந்து கிடந்த இந்தக் காடுகள் பர்மிட்டுக்கு மாறியதற்கு குப்பை கொட்டுதலும் நாசவேலையும்தான் காரணம் என்று கம்பெனிகள் சொல்கின்றன. முழுக் காரணமும் அதுதானா, பணமும் ஒரு காரணமா என்று உள்ளூர்க்காரர்கள் இன்றும் சண்டை போடுவார்கள். எப்படியோ, கேட்டை மூடுவதற்குக் காரணம் தேடுகிறவருக்கு நாம் காரணம் எடுத்துக்கொடுக்க வேண்டாம்.

பிடிபட்டால் பர்மிட் பறிபோவதோடு முடியாது. பர்மிட்டுக்கு அப்பாற்பட்ட நுழைவு அத்துமீறலாகக் கொள்ளப்படலாம். பிறர் நிலத்தில் அனுமதியின்றி வேட்டையாடுவது வாஷிங்டனின் வனவிலங்குச் சட்டத்தில் தனிக் குற்றம். வேட்டை உரிமத்துக்கே ஆபத்து.

உங்கள் ஆசையின் நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. ரூஸ்வெல்ட் வகை எல்க் ஆண் ஒன்று 700 முதல் 1,100 பவுண்டு வரை இருக்கும். எலும்பை நீக்கினாலும் இறைச்சி 100 கிலோவைத் தாண்டும். ஒரு நடைக்கு 30 கிலோ முதுகில் என்றால் நான்கு நடை. ஆறு மைல் தூரத்தில் நான்கு முறை சுமந்து வந்து மூன்று முறை வெறுங்கையோடு திரும்பிப் போனால் மொத்தம் 42 மைல். மழையில், சேற்றில், இருட்டில். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த யாரும் இ-பைக் கடைப் பக்கம் எட்டிப் பார்க்கத்தான் செய்வார்கள். கிளாஸ் 1 வண்டியை, கேட்டுக்குப் பின்னால் இருக்கும் முக்கிய லாரிச் சாலையில் மட்டும், வேட்டை முடிந்து இறைச்சி இழுத்துவர மட்டுமாவது அனுமதிக்கலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். அதைக் கம்பெனிக்கு எழுதிக் கேட்கலாம். அனுமதி வரும் முன்பே ஓட்டிப் பார்ப்பது வேறு விஷயம்.

இனி, மோட்டார் நுழைவு பர்மிட் கிடைத்து, இ-பைக்கையும் அதில் சேர்த்துக்கொள்கிறோம் என்று கம்பெனி எழுத்தில் சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கவலை மாறுகிறது.

பேட்டரியில் 48 வோல்ட், 15 ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது 720 வாட்-மணி. நீங்கள், வண்டி, துப்பாக்கி, பை எல்லாம் சேர்த்து 130 கிலோ என்று வைப்போம். ஆறு மைலில் 300 மீட்டர் ஏற்றம் இருந்தால், ஏறுவதற்கு மட்டும் சக்கரத்தில் 106 வாட்-மணி வேண்டும். உதிரிச் சரளையில் தடித்த டயர் உருள்வதற்கு ஏறக்குறைய அதே அளவு. மோட்டாரில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால், நீங்கள் மிதிக்கவே இல்லை என்ற கணக்கில் போக மட்டும் 280 வரை ஆகும். நவம்பர் குளிரில் பேட்டரியின் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையும். ஆகவே முதல் நடைக்குத் தாராளம். இறைச்சிக்காக இரண்டாவது நடை போனால் வழியிலேயே நின்றுவிடலாம். பேட்டரி தீர்ந்த 30 கிலோ வண்டியை மேட்டில் தள்ளுவது எல்க்கைச் சுமப்பதைவிடக் கொஞ்சம்தான் இலகு.

ஏற்றத்தைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். என் கவலை இறக்கம். இழுவண்டியில் 60 கிலோ இறைச்சி ஏற்றினால், இழுவண்டியையும் சேர்த்து மொத்த எடை 200 கிலோ. 300 மீட்டர் இறங்கும்போது 163 வாட்-மணி ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். உருளும் தடை கொஞ்சம் விழுங்கும். செங்குத்தான இடங்களில் மிச்சமெல்லாம் ஏறக்குறைய ஒரு சாண் அகலமுள்ள இரண்டு பிரேக் தட்டில் சூடாக இறங்கும். இழுவண்டிக்குப் பெரும்பாலும் சொந்த பிரேக் இருக்காது. முன் பிரேக்கை இறுக்கினால் அது பின்னாலிருந்து தள்ளி வண்டியை மடக்கிவிடும். அதனால் பாரத்தை இரண்டாகப் பிரியுங்கள், அச்சுக்கு நேர் மேலே தாழ்வாகக் கட்டுங்கள், செங்குத்தான இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டே வாருங்கள், நடுநடுவே நிறுத்தித் தட்டை ஆற விடுங்கள். பிரேக் பட்டையை சீசன் தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள்.

மரலாரி இன்னொரு உலகம். முக்கிய லாரிச் சாலைகளில் ஓட்டுநர்கள் சிபி ரேடியோவில் (ஒருவரோடொருவர் பேசும் குறுந்தூர வானொலி) தாங்கள் எந்த மைல்கல்லில், நிறை வண்டியா வெறும் வண்டியா என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். எந்தச் சானல் என்று நுழைவாயிலில் பலகை இருக்கும். நீங்கள் அந்த உரையாடலில் இல்லையென்றால் அவர்களைப் பொறுத்தவரை சாலையில் நீங்கள் இல்லை. கையடக்க ரேடியோ ஒன்றை வைத்துக் கேளுங்கள். வளைவில் உள்பக்கம் ஒட்டி ஓட்டாதீர்கள். லாரி வரும் சத்தம் கேட்டதும் ஒதுங்கி, வண்டியைச் சாலைக்கு வெளியே தூக்கி வைத்துவிட்டு நில்லுங்கள். வெட்டு வேலை நடக்கும் கிளைச்சாலைக்குள் போகவே வேண்டாம். துப்பாக்கி வேட்டைக்காலத்தில் எப்படியும் போட வேண்டிய ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு மேலாடை இங்கேயும் உதவும். ஆனால் முதுகுப்பை அதை மறைத்துவிடும். பையின் மேலும் ஒரு துணியைக் கட்டுங்கள்.

துப்பாக்கி: மோட்டார் வாகனத்திலோ, சாலைக்கு வெளியே ஓடும் மோட்டார் வண்டியிலோ தோட்டா நிரப்பிய ரைஃபிளும் ஷாட்கன்னும் வாஷிங்டனில் குற்றம். மேகசினில் இருந்தாலும் நிரப்பியதுதான். இ-பைக் இதில் எந்தப் பெயரில் வரும் என்று ஆராயாதீர்கள். இறங்கி, வண்டியை நிறுத்தி, விலகி நடந்த பிறகே நிரப்புங்கள்.

தீக் காலம் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 செப்டம்பரில் ஆரிகனில் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது; அதில் மரக் கம்பெனிக் காடும் நிறைய. அதன் பிறகு இவர்கள் வறட்சியில் தயங்குவதே இல்லை, பர்மிட் இருந்தாலும் எல்லோருக்கும் கேட்டை மூடிவிடுவார்கள். நவம்பரில் உங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. செப்டம்பர் வில்வேட்டைக்காரர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். கீழே விழுந்து அடிபட்ட லித்தியம் பேட்டரியை மறுபடி மாட்டி ஓட்டாதீர்கள். காய்ந்த புல்லில் அது பற்றினால், தீயணைப்புச் செலவுக் கணக்கு உங்கள் பெயருக்கு வரும்.

நம்மவர்களுக்காக ஒரு பக்கப் பேச்சு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. வாஷிங்டன் குடியுரிமை இல்லாதவர்களுக்கென்று மேலும் தனி விதிகள் வைத்திருக்கிறது. இது விசாவையே பாதிக்கும் விஷயம், வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். 1972 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்தவர்கள் பொதுவாக வேட்டைப் பயிற்சி முடிக்காமல் உரிமம் வாங்க முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள். வகுப்புகள் கோடையிலேயே நிரம்பிவிடும்.

கம்பெனிக்கு எழுதும்போது "இ-பைக் ஓட்டலாமா" என்று ஒற்றை வரியில் கேட்காதீர்கள். வண்டியின் வகுப்பு, வாட், திராட்டில் உண்டா இல்லையா என்பதைச் சொல்லுங்கள். எந்த மரப் பண்ணை (கம்பெனிக் காட்டின் எந்தப் பகுதி), எந்த கேட், எந்தச் சாலை, எந்தத் தேதிகள், இழுவண்டி உண்டா என்பதையும் எழுதுங்கள். ஒரே கம்பெனியின் இரண்டு பண்ணைகளில் விதி வேறாக இருக்கலாம், சென்ற ஆண்டின் விதி இந்த ஆண்டு மாறியிருக்கலாம். பதிலை அச்செடுத்துப் பர்மிட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். கேட்டில் நிற்கும் காவலருக்கு உங்கள் மின்னஞ்சல் போக்குவரத்து தெரியாது. நடக்க முடியாத உடல்நிலை என்றால் அதைத் தனியாக, மருத்துவச் சான்றோடு கேளுங்கள். மாற்றுத்திறனாளி வேட்டைக்காரர்களுக்கு மாநிலத் துறையிலும் தனி அனுமதி இருக்கிறது.

இல்லை என்று பதில் வந்தால், இந்த ஆண்டுக்கு மோட்டார் இல்லாத சாதாரண மலை சைக்கிளையும் ஒற்றைச் சக்கர இழுவண்டியையும் பாருங்கள். அதற்கும் உங்கள் பர்மிட்டில் இடம் இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள். ஆறு மைலுக்குப் பதில் மூன்று மைலில், ஐந்து முதல் பத்து ஆண்டுக்கு முன் வெட்டி நட்ட டக்ளஸ் ஃபிர் மரச் சரிவைத் தேடுங்கள். மரக்கன்றுகள் வளர்ந்து இன்னும் மூடாத அந்த வெளியில்தான் எல்க்குக்குத் தீனி. கூட ஒருவர் வந்தால் நான்கு நடை இரண்டாகும். வெட்டும்போது குளம்புகளை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள், குளம்பு நோய் பரவாமலிருக்க மேற்கு வாஷிங்டனில் அது கட்டாயம்.